விக்காம இருந்தவன்

இந்தப் பையை ஜன்னல் வழியா வெளிய வீசிரலாம்னு இருக்குதுங்க. வேண்டாம், பின்னாடி வண்டியில வர்றவன் மேல உளுந்து தொலைக்கும். உள்ள ஒரு பேனா, ஒரு புஸ்தகம், அட்டையில ஒரு குடும்பம் பல்லைக் காட்டிட்டு நிக்குது. கூட்டத்துக்கு வந்ததுக்குக் குடுத்தாங்க. எனக்கு அதைத் தொடறதுக்கே அருவருப்பா இருக்குது. நீங்க உடுமலைதானுங்களா? நானும் அங்கதான். தூங்கறவரா இருந்தா இப்பவே சொல்லிருங்க, நான் வாயை மூடிக்கறேன். இல்லையா? அப்பச் சரி.

என் பேரு சென்னியப்பனுங்க. உடுமலையில பைப்பு, மோட்டாருக் கடை வெச்சிருந்தேன். சுத்துப்பட்டுல பாதித் தோட்டத்துல தண்ணி எறைக்கறது நான் வித்த மோட்டாருதான். பையன் பெங்களூர்லயே தங்கிட்டான், கடைக்கு ஆளில்லை, வித்துட்டேன். அப்புறமென்ன, மயில்சாமின்னு ஒருத்தரு பங்குத் தரகர் ஆபீஸ் வெச்சிருக்காரு, அங்க போய் உக்காந்துக்குவேன். ஏசி இருக்குது, டிவியில ஓடிட்டே இருக்கும். என்னையாட்டம் நாலஞ்சு பேரு. வாங்கறோமோ விக்கறோமோ, உக்காந்து பாத்துட்டு இருப்போம்.

இன்னைக்கு கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஓட்டல்ல கூட்டம். ஏதோ ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க கூட்டுனது. எங்களாட்டம் சின்ன முதலீட்டுக்காரங்க என்ன நெனைக்கறாங்கன்னு கேட்டு, அரசாங்கத்துக்கு அறிக்கை குடுக்கறாங்களாம். ரெண்டு விசயம். தலையும் வாலும் தெரியாம சுத்திக் கட்டி ஒரு முதலீட்டுத் திட்டம் விக்கறாங்கல்ல, அதுக்கு என்ன கட்டுப்பாடு வேணும்ங்கறது ஒண்ணு. ஷார்ட் அடிக்கறதை என்ன பண்ணலாம்ங்கறது இன்னொண்ணு.

ஷார்ட் அடிக்கறதுன்னா தெரியாதுங்களா? தெரியாம இருக்கறது நல்லதுதான். பொள்ளாச்சி மாட்டுச் சந்தை பாத்திருக்கீங்கல்ல. கையில மாடே இல்லாத ஒருத்தன், என்ற மாட்டை வித்துட்டேன்னு வெலை பேசிக் காசை வாங்கிக்கறான். அப்புறம் மாட்டு வெலை உளுகட்டும், உளுகட்டும்னு கண்கொத்திப் பாம்பாட்டம் உக்காந்திருக்கான். உளுந்ததும் சல்லிசா ஒண்ணை வாங்கி, முதல்ல வித்த ஆளுகிட்ட ஓட்டி உட்டுட்டு, நடுவுல மிஞ்சறதை மடியில கட்டிக்கிட்டுப் போறான். மாட்டுக்கு பதிலாப் பங்கு. அவ்வளவுதான். அடுத்தவன் கெட்டாத்தான் அவனுக்குச் சோறு. தூ.

இதுல எனக்கு என்ன வந்துச்சுன்னு நீங்க கேக்கலாம். வந்துச்சுங்க. என் வீட்டுக்குள்ளயே வந்துச்சு.

அலைமணி பம்ப்ஸ்னு ஒரு கம்பெனி. பல்லடம் ரோட்ல. அந்த மோட்டாரை நான் எத்தனை வருசம் வித்திருப்பேன். ஒரு மோட்டாரு திரும்பி வந்ததில்லை. கம்பெனி ஆரம்பிச்ச பெரியவரு இருந்தப்ப எங்கிட்ட நேர்ல பேசுவாரு, கடைக்கே வருவாரு. அதனால பங்குச் சந்தைக்கு அந்தக் கம்பெனி வந்ததும் முதல் ஆளா வாங்குனவன் நான். மயில்சாமி ஆபீஸ்ல அலைமணியைப் பத்தி எவனுக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேப்பாங்க. அண்ணன் சொல்லிட்டாருன்னா சரிம்பாங்க. நான் பெருமைக்குச் சொல்லல. ஒரு பொருளை வித்தவனுக்குத்தான் அந்தப் பொருளு தெரியும்.

பெரியவரு போனதுக்கப்புறம் மகன் பாத்துக்கிட்டான். தண்டபாணி. நல்ல மாதிரி. எம் பேத்திக்குக் காது குத்து வெச்சிருந்தப்ப, பத்திரிகை வெக்கறதுக்கு நேர்ல போனேன். கூட எம் மச்சினன் வந்தான். எங்கூட்டுக்காரியோட தம்பி, திருமூர்த்தின்னு பேரு. கார் அவனோடது, நான் ஓட்டறதில்லை, அதனால கூட்டிட்டுப் போனேன். இன்னைக்கு நெனைச்சா, அன்னிக்கு பஸ்லயே போயிருக்கலாம்னு இருக்குது.

ஃபேக்டரிக்குள்ள போனா, சொன்னா நம்ப மாட்டீங்க, அப்பிடி ஒரு அமைதி. முன்னெல்லாம் கேட்டுக்கிட்ட நிக்கறப்பவே காது அடைச்சுக்கும். பார்சல் ஏத்தற எடத்துல முழங்காலுக்குப் புல்லு. அதைப் பாத்ததும் எனக்கு என்ன தோணுச்சுன்னா, சரி, இப்பெல்லாம் புது மிஷின், சத்தம் வராது, லோடு வேற பக்கமா ஏத்துவாங்களா இருக்கும். தண்டபாணி எந்திரிச்சு வந்து கையைப் புடிச்சுக்கிட்டான். அண்ணா, உங்களாட்டம் பழைய ஆளுங்க கூட நிக்கற வரைக்கும் எனக்கு என்னங்ண்ணா பயம், அப்பிடின்னான். டீ வாங்கியாரச் சொன்னான். வெளிய கடையிலிருந்து ஃபிளாஸ்க்குல வந்துச்சு. காது குத்துக்குக் கண்டிப்பா வர்றேன்னான். வேலை இருந்திருக்கும், வரலை.

திரும்பி வர்றப்ப திருமூர்த்தி வண்டி ஓட்டிட்டு இருந்தான். ஓட்டிட்டே சொன்னான்: "மாமா, சோத்து நேரம். அத்தனை பேரு வேலை செய்யற எடத்துல கேண்டீன்ல அடுப்பு எரியலையே."

நான் சொன்னேன், இப்பெல்லாம் எவன் அடுப்பு பத்த வெக்கறான், கான்ட்ராக்ட்ல வெளிய இருந்து வரும்னு. அவன் எங்க வீட்ல எறக்கி உட்டான், எங்கூட்டுக்காரி கையில காபி வாங்கிக் குடிச்சான், போயிட்டான். போயி என்ன பண்ணுனான்? அடுத்த நாளே கையிலிருந்த அலைமணியை அத்தனையும் வித்துட்டான். வித்ததோட உட்டானா? வாயிதா வியாபாரத்துல, அதான் பின்னாடி தேதிக்குப் பேசி விக்கறதுல, இல்லாத பங்கையும் சேத்து வித்து வெச்சுட்டான். ஷார்ட்டு. என்கூட ஒரே சோபாவுல உக்காந்து, ஒரே ஃபிளாஸ்க்கு டீயைக் குடிச்சவன். எனக்குச் சொல்லலை. சொன்னேன்னு அவன் சொல்றான். கேண்டீன் அடுப்பைப் பத்திச் சொன்னனே, அதுதான் மாமா சொன்னதுங்கறான். அடுப்பைப் பத்திச் சொன்னாப் பங்கைப் பத்திச் சொன்ன மாதிரி ஆகுமுங்களா? நீங்களே சொல்லுங்க.

இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும். அந்தச் சமயத்துல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், விலை ஏறிட்டு இருந்துச்சு. புல்லு மொளைச்சிருக்குது, விலை ஏறுது. அப்ப எது நெசம்? விலைதானுங்களே.

காது குத்து முடிஞ்சு கொஞ்ச நாள்ல ஒரு பையன் வந்தான். அபினேஷ்னு பேரு, ஒரு நிதிக் கம்பெனியிலிருந்து. டை கட்டிக்கிட்டு, இந்த வெயில்ல. அவன் கொண்டாந்தது ஒரு பாண்டு, கடன் பத்திரம்னு சொல்லுவாங்கல்ல, அது. சாதாரண பாண்டு இல்லை, மூணு கம்பெனிப் பங்கோட கட்டுன பாண்டு. மூணுல ஒண்ணு அலைமணி. மூணு பங்கு விலையும் ஒரு கோட்டுக்கு மேல நிக்கற வரைக்கும் வட்டி வரும், பேங்க் வட்டியை விட எச்சு. மூணுல எது ஒண்ணு கோட்டுக்குக் கீழ போனாலும், முடியறப்பப் போட்ட காசு திரும்ப வராது. அதுக்கு பதிலா, உளுந்து கெடக்கற அந்தப் பங்கைத்தான் குடுப்பாங்க. இப்ப நான் தெளிவாச் சொல்றேன். அன்னிக்கு அவன் சொன்னப்ப ஏதோ படம் எல்லாம் போட்டு, கோடு இழுத்து, அம்பு போட்டு, எனக்குத் தலை சுத்துச்சு. நான் புடிச்சுக்கிட்டது ரெண்டே ரெண்டு. வட்டி எச்சு. அலைமணி இருக்குது. புஸ்தகமாட்டம் ஒரு கட்டுக் காயிதம் குடுத்தான், எல்லாம் இங்கிலீசு. எவன் படிக்கறான்.

நல்ல பையனுங்க அவன். நாலு பேரைச் சேத்து உட்டா எதாச்சும் செய்யறேன்னான். சொன்ன மாதிரியே டேபிள் கிரைண்டர் ஒண்ணு கொண்டாந்து குடுத்தான். நம்ம கோயமுத்தூர் கிரைண்டர்தான், மாவு நல்லா பொங்கி வருது. மயில்சாமி ஆபீஸ்ல மூணு பேரு. நாலாவது எந் தங்கச்சி.

பழனாத்தாள்னு பேருங்க. அவ வீட்டுக்காரரு மில்லு வேன் கவுந்து போயிட்டாரு. மில்லுல குடுத்தது, இன்சூரன்சுல வந்தது, எல்லாம் பேங்க்ல தூங்கிட்டுக் கெடந்துச்சு. ஒரே பொண்ணு, நர்சிங் படிக்கணும்னு நின்னுட்டு இருந்துச்சு. அண்ணன்னு நான் ஒருத்தன் இருக்கறப்ப அவ எதுக்கு வெசனப்படணும்? நான்தான் அபினேஷைக் கூட்டிட்டு அவ வீட்டுக்குப் போனேன். அவன் படத்தைப் போட்டுக் கோட்டை இழுத்தான். அவ அவனைப் பாக்கல. என்னைப் பாத்துக் கேட்டா.

"அண்ணா, இது உளுந்தா என்ன ஆகுமுங்க?"

பாத்தீங்களா? வட்டி எவ்வளவு, எப்ப வரும்னு கேக்கத் தெரியலை. உளுந்தா என்னன்னு கேக்கறா. பொம்பளைப் புத்தி. நான் சொன்னேன், உளுகாது அம்மிணி, நான் நேர்ல போய் தண்டபாணியைப் பாத்துட்டு வந்தவன், கையெழுத்தப் போடுன்னு. போட்டா. எங்கப்பன் போன காலத்திலிருந்து நான் சொல்லி அவ மாட்டேன்னு சொன்னதே கெடையாது.

முதல் வட்டி வந்துச்சு. ரெண்டாவதும் வந்துச்சு. அதை யாரும் இப்பப் பேச மாட்டாங்க.

நடுவுல இந்தத் திருமூர்த்திக்கு எப்பிடியோ விசயம் தெரிஞ்சுபோச்சு. எங்கூட்டுக்காரிதான் சொல்லியிருப்பா. நேரா பழனாத்தா வீட்டுக்கே போயி, அக்கா, கொஞ்சம் நட்டமானாலும் பரவால்ல, இப்பவே அதை எடுத்துருங்க, அந்தக் கம்பெனியில ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருக்கான். அவ எனக்குப் போன் பண்ணுனா. நான் சொன்னேன், அவன் ஏன் சொல்றான்னு உனக்குத் தெரியாது, அலைமணி உளுந்தா அவனுக்குக் காசு, ஊரெல்லாம் போய்ப் பயம் காட்டறதுதான் அவன் தொழிலுன்னு. அப்பத்தான் எனக்கே மயில்சாமி மூலமா அவன் ஷார்ட் அடிச்சிருக்கற கதை தெரியும். எனக்கு ஒடம்பெல்லாம் கூசுச்சுங்க. நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, நம்ம கம்பெனி உளுகணும்னு உக்காந்திருக்கான். எடுக்க வேண்டாம்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். அவ எடுக்கல.

அதுக்கப்புறம் பம்பாய்ல எவனோ ஒரு அறிக்கை போட்டான். அலைமணி மோட்டாரே செய்யறதில்லை, பேப்பர்லதான் விக்குதுன்னு. அவனும் ஷார்ட் அடிச்சவன்தான், அதை அவனே அறிக்கையில ஒத்துக்கறான், வெக்கமே இல்லாம. அன்னிக்கு ஆரம்பிச்சுதுங்க. காலையில சந்தை தொறந்ததும் விலை கீழ போயி நின்னுக்கும். விக்கறதுக்கு ஆளு, வாங்கறதுக்கு நாதியில்லை. மயில்சாமி ஆபீஸ்ல எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்தாங்க. நான் சொன்னேன், யாரும் விக்காதீங்க, இது சதி, நாம கெட்டியா நின்னா அவன் தோத்துருவான்னு. நான் நின்னேன். கடைசி வரைக்கும் ஒரு பங்கு விக்கல. மத்தவங்களையும் விக்க உடல. அதுக்கு ஒரு மன உறுதி வேணுமுங்க.

பொய்க்கணக்குன்னு சொல்லித் தண்டபாணியைப் புடிச்சுட்டுப் போனாங்க. அது தனிக் கதை. அவனை மாட்டி உட்டுட்டாங்கன்னுதான் நான் இன்னைக்கும் நெனைக்கறேன். பாண்டு முடிஞ்சப்பப் பழனாத்தாளுக்கு வந்தது அலைமணிப் பங்கு. அதை வெச்சு ஒரு நேரத்துக்குக் காய் வாங்க முடியாது.

அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். தென்னைநாரு மில்லுக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா. ஊரே பாக்குது, சென்னியப்பன் தங்கச்சி மஞ்சி உரிக்கப் போறான்னு. நான் போயி, ஏன் அம்மிணி இப்பிடி மானத்தை வாங்கறே, மாசம் அரிசி பருப்பு நான் அனுப்ப மாட்டனான்னு கேட்டேன். அவ முகத்துல மஞ்சித் தூசி அப்பிக் கெடந்துச்சு, துடைக்கக்கூட இல்லை. எங்க வீட்டுக்கு வந்தாத் தண்ணி குடிக்கறதோட சரி, சாப்பிட மாட்டா. எல்லாம் அந்தத் திருமூர்த்தி ஓதி உட்டதுதான்.

அவனுக்கு என்ன, கொள்ளைக் காசு. எந் தங்கச்சி வீட்டுக் கூரை எரிஞ்சுதில்ல, அந்த நெருப்புல குளிர் காஞ்சான். ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். எங்கூட்டுக்காரி சொல்லித்தான் வந்திருப்பான். அன்னிக்குப் பாத்துப் பழனாத்தாளும் வந்து சமையக்கட்டுல இருந்தா. அவன் கையில ஒரு மஞ்சப் பை. எங் காலடியில வெச்சான்.

"மாமா, இதை நான் சம்பாதிச்சதுன்னு நெனைக்கல. அக்காகிட்டயிருந்து போனதுல கொஞ்சம் எங்கிட்ட வந்திருக்குது. அவங்களுக்குப் போகட்டும். பாப்பா காலேஜுக்காச்சும் ஆகும்."

எப்பிடி இருக்கும் எனக்கு? நான் அந்தப் பையைக் கையால தொடல. காலால நகத்தி உட்டேன். சாவு வீட்டுல திருடுன காசை எடுத்துட்டு வந்து அதே வீட்டுக்கு மொய் வெக்கறயா, எந்திரிச்சுப் போன்னேன். எந் தங்கச்சி பட்டினி கெடந்தாலும் கெடப்பாளே ஒழிய இந்தக் காசைத் தொட மாட்டான்னேன். அவன் சமையக்கட்டுப் பக்கம் பாத்தான். நான் கதவைக் காட்டுனேன். எடுத்துட்டுப் போயிட்டான். பழனாத்தாளைக் கேட்டீங்களான்னா கேக்கறீங்க? இதுல அவளைக் கேக்கறதுக்கு என்னங்க இருக்குது. எனக்குத் தெரியாதா அவ மனசு. அவளுக்காகத்தான் நான் பேசுனதே.

கண்டக்டரு வர்றாரு. உடுமலை ஒண்ணு குடுப்பா.

எங்க உட்டேன்? ஆமா, கூட்டம். மயில்சாமிக்கு வந்த அழைப்பை எங்கிட்டக் குடுத்து, அண்ணா, நீங்க போனாத்தான் நம்ம பக்கத்து நாயத்தைச் சொல்லுவீங்கன்னாரு. நான் பாண்டுல சேத்து உட்ட அந்த மூணு பேரும் இப்ப ஆபீசுக்கு வர்றதில்லை, அதனால நான் மட்டும் போனேன்.

போனா, என்ன சொல்றது போங்க. ஒவ்வொருத்தன் கருத்தும் கேக்கச் சகிக்கல. ஒரு காலேஜ் வாத்தியாரு, இந்த மாதிரி சிக்கலான பாண்டு வாங்கறவங்களுக்குப் பரீட்சை வெக்கணும், பாஸானவங்கதான் வாங்கலாம்னாரு. எங் காசை நான் போடறதுக்கு நான் பரீட்சை எழுதணுமாம். திருப்பூர்க்காரரு ஒருத்தரு, அதெல்லாம் வேண்டாம், சாதாரண சனத்துக்கு விக்கறதையே தடை பண்ணுங்கன்னாரு. கம்ப்யூட்டர்ல வேலை பாக்கற ஒரு பையன், தாடி வெச்சுக்கிட்டு, ஷார்ட் அடிக்கறவன்தான் சார் பொய்க்கணக்கைக் கண்டுபுடிக்கறான், அவனைத் தடுத்தா திருடனுக்குத்தான் கொண்டாட்டம்னான். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். ஒரே ஒரு அம்மாதான் உருப்படியாப் பேசுனாங்க. எவனெவன் விக்கறதுக்குக் கமிஷன் வாங்கறானோ, பொருளா வாங்குனாலும் சரி, காசா வாங்குனாலும் சரி, அதை முன்னாடியே வாங்கறவங்ககிட்டச் சொல்லணும்னாங்க. நான் எந்திரிச்சு நின்னு கை தட்டுனேன். அந்த அபினேஷ் பையன் எத்தனை கமிஷன் வாங்குனானோ, யாரு கண்டா.

அப்புறம் எம் முறை. மைக்கைக் கையில குடுத்தாங்க. நான் ஒளிவு மறைவில்லாமச் சொன்னேன். ஷார்ட் அடிக்கறதை ஒழிச்சுக் கட்டுங்க. மோட்டாரு செய்யறவன், விக்கறவன், வாங்கறவன், இவங்களுக்குத்தான் சந்தை. உளுகறதை எதிர்பாத்து உக்காந்திருக்கற கழுகுக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டேன். நல்லாக் கை தட்டுனாங்க. பொய் சொல்லலைங்க, பாதிப் பேருக்கு மேல தட்டுனாங்க.

தலைமை தாங்குன அம்மா சின்ன வயசுதான், மரியாதையாப் பேசுச்சு. என்னைக் கேட்டுச்சு: "ஐயா, அந்த அறிக்கை வர்றதுக்கு முன்னாடி, கம்பெனியில ஏதோ சரியில்லைன்னு உங்களுக்கு எப்பவாவது தோணுச்சுங்களா?"

எனக்கு அது என்ன கேள்வின்னு புரிஞ்சுதுங்க. என்னை ஒண்ணும் தெரியாத பட்டிக்காட்டான்னு நெனைச்சுட்டாங்க. டிவியைப் பாத்து வாங்குன ஆளுன்னு நெனைச்சுட்டாங்க. அதனால நான் சொன்னேன். ஏன் தோணாம? நேர்லயே போய்ப் பாத்தவன் நான். லோடு ஏத்தற எடத்துல புல்லு மொளைச்சிருந்துச்சு. மிஷின் ஓடல. சோத்து நேரத்துல கேண்டீன் அடுப்புக்கூட எரியல. இத்தனையும் கண்ணால பாத்துட்டும் நான் ஓடிப் போயி விக்கல. ஏன்னா நான் அந்தக் கம்பெனியை நம்புனவன். பாத்த அன்னிக்கே ஓடிப் போயி வித்தவன் ஒருத்தன் இருக்கான், என்கூடத்தான் வந்தான். எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் வித்தியாசம்னேன்.

அதுக்கு ஏன் யாரும் கை தட்டலைன்னு எனக்குத் தெரியல. அந்தத் தாடிக்காரப் பையன் பக்கத்துல இருக்கறவனைப் பாத்தான். தலைமை தாங்குன அம்மா குனிஞ்சு ஏதோ எழுதுச்சு.

அப்பத்தான் பின்வரிசையில ஒரு பொம்பளை எந்திரிச்சா. பாத்தா, பழனாத்தா.

நான் அவளை வரச் சொல்லலை. அவ வர்றது எனக்குத் தெரியவே தெரியாது. பக்கத்துல திருமூர்த்தியும் அவன் பொண்டாட்டியும். அவங்கதான் கூட்டிட்டு வந்திருக்காங்க. மைக்கைப் புடிக்கத் தெரியலை அவளுக்கு, ரெண்டு கையிலயும் புடிச்சா. கையெல்லாம் நாரு கிழிச்ச கோடு.

"எனக்கு இந்த ஷார்ட்டு எல்லாம் தெரியாதுங்க. நான் மஞ்சி மில்லுல வேலை செய்யறேன். கையெழுத்துப் போடறப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். உளுந்தா என்ன ஆகும்னு. அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலை. அதைச் சொல்லாம யாருகிட்டயும் கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டீங்கன்னாப் போதும்."

தலைமை அம்மா கேட்டுச்சு, யாருகிட்டம்மா கேட்டீங்கன்னு.

"வேண்டியவங்ககிட்டத்தாங்க" அப்பிடின்னு சொல்லிட்டு உக்காந்துட்டா.

எப்பிடிப் பாருங்க. டை கட்டிட்டு வந்து ஏமாத்திட்டுப் போன பையன், அவனைப் போயி வேண்டியவங்கன்னு சொல்றா. அத்தனை பெரிய சபையில வெவரம் இல்லாம. எனக்கே கூச்சமாப் போச்சு. அவளுக்குத்தான் எல்லாரும் கை தட்டுனாங்க, அந்தத் தாடிக்காரன் உள்பட. அவ என்ன சொல்லிட்டான்னு தட்டுனாங்க? ஷார்ட்டை ஒழிக்கணும்னு ஒரு வார்த்தை சொன்னாளா? அண்ணன் பேசுனதைத் தாங்கி ஒரு வார்த்தை?

சாப்பாடு போட்டாங்க, எனக்கு எறங்கல. வெளிய வந்தேன். திருமூர்த்தியோட கார் போர்ட்டிகோவுல நிக்குது. பின் சீட்டுல பழனாத்தாளோட பொண்ணு உக்காந்திருக்கா, நர்சிங் காலேஜ் யூனிபாரத்துல. காலேஜைப் பாதியில உட்டுட்டான்னுதான் நான் நெனைச்சுட்டு இருந்தேன். எங்கிட்ட அப்பிடித்தான் சொன்னாங்க. இங்கயே கோயமுத்தூர்லதான் படிக்கறாளாம். யாரு காசுன்னு நான் கேக்கணுமா? அவளுக்கு என் மூஞ்சியைப் பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும் போல, போனைப் பாக்கற மாதிரிக் குனிஞ்சுக்கிட்டா. மடியில கெடந்த வெள்ளைக் கோட்டைச் சுருட்டிச் சுருட்டி வெச்சுட்டு இருந்தா. அந்தக் காசுல வாங்குன கோட்டு.

பழனாத்தா கார்ல ஏறப் போனவ, திரும்பி என்கிட்ட வந்தா. எத்தனை மாசத்துக்கப்புறம் அவளா வந்து பேசறா. எனக்கு மனசு கொஞ்சம் எளகத்தான் செஞ்சுது. சரி, சபையில தெரியாமப் பேசிட்டேன் அண்ணான்னு சொல்லப் போறா, பெரிய மனசு பண்ணி உட்டுரலாம்னு நின்னேன்.

அவ குரலை ஒசத்தலை. "அண்ணா, அந்த ஃபேக்டரியில புல்லு மொளைச்சதைப் பாத்தேன்னு சொன்னீங்கல்ல. அது நான் கையெழுத்துப் போடறதுக்கு முந்தியா, பிந்தியா?"

முந்தி அம்மிணின்னேன். காது குத்துக்குப் பத்திரிகை வெக்கப் போனப்ப, அபினேஷ் வர்றதுக்கெல்லாம் ரொம்ப முந்தின்னேன். எதுக்கு மறைக்கணும்? பிந்தின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளுக்கு எப்பிடித் தெரியும்? ஆனா எனக்கு அது வராதுங்க. கடை வெச்சிருந்த காலத்துலயே ஒரு மோட்டாருக்கு ஒரு பொய் சொன்னவனில்லை நான்.

அவ சரிங்கண்ணான்னா. போயி ஏறிக்கிட்டா. திருமூர்த்தி வண்டியை எடுத்தான். அவன் என்னைப் பாத்து, வர்றீங்களா மாமான்னு கேக்க வாயைத் தொறந்தான், பழனாத்தா பின்னாடியிருந்து அவன் தோள்ல கையை வெச்சா, அவன் வாயை மூடிக்கிட்டான். பின்னாடி ஒரு ஆளு உக்கார எடம் இருந்துச்சுங்க. நான் ஏறியிருக்க மாட்டேன், அது வேற. அந்தக் கார்ல என் காலு படாது. ஆனா ஒரு வார்த்தை கூப்பிட வேண்டாமுங்களா? பொய்க்கணக்குன்னு புடிச்ச தண்டபாணிக்கு ஜாமீன் குடுத்துட்டாங்க. ஏமாத்துன அபினேஷ் வேற கம்பெனியில பெரிய வேலையில இருக்கான். ஷார்ட் அடிச்சவன் ஏசி கார்ல எந் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போறான். உள்ளதை உள்ளபடி சொன்னவன், நான்தான் உக்கடத்துல வந்து பஸ்சுக்கு நின்னேன்.

இந்தக் காலத்துல நெசத்தைச் சொல்றவனுக்கு எடமில்லீங்க.